பெட்டிக்குள் இருக்கும் பாட்டு

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையைக் கடந்து சிறிது தூரம் போனதும் புளியங்குளச் சந்தியை அடைவர். அங்கிருந்து கிழக்கே பிரியும் பாதை நெடுங்கேணிக்குச் செல்கிறது. நேரே சென்றால் கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். இவ்வூர்ப் பெயர்களிற் பல குளத்திலே முடிகின்றன என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். வன்னி நாட்டில் குளத்தை ஒட்டியே வயல் பிறந்தது. வயலை ஒட்டியே பாட்டும் பிறந்தது. விதைப்புக்கு ஒரு பாட்டு, அருவி வெட்டுக்கு ஒரு பாட்டு, சூடு மிதிக்கும்போது ஒரு பாட்டு, பயிரை அழிக்க வரும் பன்றியையும் குருவியையும் விரட்டப் பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும் என்று உழைப்பின் ஒவ்வொரு படிக்கும் இங்கே ஓசை வகுத்திருந்தார்கள்.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. அதனைக் குறைகூறுவதற்கில்லை, முதுகு வளைய அருவி வெட்டியவர்களுக்கே அந்த வேலையின் கொடுமை தெரியும். ஆனால், வேலை போனதும் அதனோடு கூடப் பிறந்த பாட்டுக்கு இருக்க இடமில்லாமற் போயிற்று. இப்போது அது சில முதியவர்களின் தொண்டையிலே மாத்திரம் குடியிருக்கிறது.

செ. மெற்றாஸ்மயில் தொகுத்த ‘வன்னிவள நாட்டுப் பாடல்கள்’ போன்ற நூல்கள் இப்பாட்டுக்களின் சொல்லை நமக்குக் காத்துத் தந்தன. பெரும்பணி அது. ஆயினும், அச்சிலே ஏறுவது சொல் மாத்திரமே. எந்த அசையை இழுத்துப் பாடினார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், பின்பாட்டுக்காரர் எந்த இடத்திலே வந்து சேர்ந்துகொண்டார்கள் என்பவற்றை அச்செழுத்து அறியாது. இசையைக் காக்க வேண்டுமாயின் ஓசையையே பிடித்துவைத்தல் வேண்டும்.

பிடித்துவைப்பது இன்று எளிதாகிவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை முதியவரின் முன்னால் வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு நகத்தளவு நினைவட்டையில் இரவு முழுவதும் ஆடும் கூத்தையும் அடக்கிவிடலாம். பல்கலைக்கழக மாணவரும், ஆசிரியரும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளும் இவ்வாறு பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இடர் அதற்குப் பிறகே வருகிறது. கருவியிலிருந்து கணினிக்குப் போகும் அந்தச் சிறு பயணத்திலே, பாதிப் பாட்டு வழியிலே விழுந்துவிடுகிறது. நினைவட்டை நிறைந்துவிட்டதென்று ஒருவர் அழித்துவிடுகிறார். ஒருவர் கணினித் திரையில் அலைவடிவத்தைக் கண்டதும் வேலை முடிந்ததென்று நம்பிவிடுகிறார். மற்றொருவரோ கோப்பு பழுதென்று எண்ணிக் குப்பையிலே போட்டுவிடுகிறார். பாடியவர் அதற்குள் காலமாகியும் விடுகிறார்.

ஆகவே, இந்தச் சிறு பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இலக்கியப் பக்கத்திலே இதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள், ஏடு பெயர்த்து எழுதியவர்களின் பிழைகளால் நம் பழைய நூல்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளலாம். இதுவும் ஏடு பெயர்த்தல்தான்.

முதலில், கருவியைக் கணினியோடு எவ்வாறு இணைப்பது? நம்மவரிற் பலர், கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கணினியின் ஒலிவாங்கித் துளையிலே செருகிவிட்டு, கருவியைப் பாடவிட்டுக் கணினியில் மறுபடி பதிவு செய்கிறார்கள். கசெற் காலத்துப் பழக்கம் இது. எண்முறைக் கருவிக்கு இது வேண்டாத வேலை மட்டுமன்று, தீங்கும் ஆகும். எண்களாகவே இருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றி, மீண்டும் எண்களாக்கும்போது இரைச்சல் கூடுகிறது. ஒலிவாங்கித் துளைக்கு அளவுக்கு மீறிய ஒலி போய்ச் சேர்வதால் மத்தள அடிகள் கரகரக்கின்றன. எட்டு மணி நேரக் கூத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். செய்ய வேண்டியது, கோப்பை அப்படியே பிரதி எடுப்பது. அதற்குச் சில நிமிடங்களே போதும். ஓர் எண்ணும் மாறாது.

யூ.எஸ்.பி. கம்பியைச் செருகியதும் சில கருவிகள் ஒரு கேள்வி கேட்கும்: ‘நான் நினைவட்டை வாசிப்பானாக இருப்பதா, ஒலி இடைமுகமாக இருப்பதா?’ இரண்டாவதைத் தேர்ந்தால் கருவி வெறும் ஒலிவாங்கியாகிவிடும். உள்ளே இருக்கும் கோப்புகள் கணினியின் கண்ணுக்குத் தெரியமாட்டா. ‘பதிவெல்லாம் அழிந்துவிட்டது’ என்று கலங்குவோரிற் சிலர் இந்த ஒரு பொத்தானிலே தவறியவர்களாகத்தான் இருப்பர். முதலாவதைத் தேர்ந்தால் நினைவட்டை ஒரு பெட்டியைப்போலத் திறக்கும். நினைவட்டையைக் கழற்றி அட்டை வாசிப்பானிலே இடுவது இன்னும் நேரான வழி.

இனி, நாம் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருவோம். கோப்பை நினைவட்டையிலிருந்து நேரே ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இழுத்துவிடலாகாது. ரீப்பர் போன்ற மென்பொருள்கள், வேறு விதமாகப் பணிக்கப்பட்டாலன்றி, உள்ளே வரும் ஒலிக்கோப்பைத் தம்மிடம் பிரதி எடுத்துக்கொள்வதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற முகவரியை மாத்திரம் குறித்துக்கொள்கின்றன. திரையிலே அலைவடிவம் அழகாகத் தெரியும், வெட்டலாம், ஒட்டலாம், எல்லாம் செவ்வையாக நடக்கும். ஆனால், ஒலி இன்னும் நினைவட்டையிலேயே இருக்கிறது. அட்டையைக் கழற்றி, அடுத்த பதிவுக்கென்று அழித்ததும், திரையில் இருப்பது வெறும் நிழலாகிவிடும். பிரதி எடுத்தல் முதலில். மென்பொருளைத் திறத்தல் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றியதாலேயே திரும்பப் பெற முடியாத குரல்களை இழந்தோர் பல நாடுகளிலும் உண்டு.

விலையின்றிக் கிடைப்பதால் நம் நாட்டிலும் பெருவழக்கிலிருக்கும் ஓடாசிற்றி என்ற மென்பொருள் வேறு வகையானது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இது, இன்று ஒலியைத் தன் திட்டக் கோப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு முதல் அத்திட்டம் ஒரே கோப்பாகவும் ஆகியிருக்கிறது. இதிலே இருக்கும் பொறி வேறு. திட்டத்தைச் சேமித்ததும் பாட்டைச் சேமித்துவிட்டதாக எண்ணி, அதனை நூலகத்துக்கோ நண்பருக்கோ அனுப்பிவிடுகிறார்கள். திட்டக் கோப்பை அந்த மென்பொருள்தான் திறக்கும். இருபது ஆண்டுக்குப் பின் எது திறக்கும் என்று யார் சொல்லமுடியும்? ‘வேவ்’ வடிவிலே ஏற்றுமதி செய்து வைத்தாலே அது பாட்டாகும். அவ்வடிவம் 1991ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இன்றுவரை ஏறக்குறைய எல்லாக் கருவியும் அதனை வாசிக்கிறது.

இரவு முழுவதும் ஆடும் கூத்துக்கு மற்றொரு சங்கடம் உண்டு. ஒரு விநாடியை 48,000 கூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் 24 பிட் எண்ணால் எழுதி, இடம் வலம் இரண்டு வழியாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் இடம் பிடிக்கும். நினைவட்டைகளிற் பல பின்பற்றும் அடுக்குமுறையில் ஒரு கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்ட இயலாது; பல கருவிகள் அதற்கும் முன்னதாக, 2 கிகாபைற்றிலேயே கோப்பை முறித்து அடுத்ததைத் தொடங்குகின்றன. அஃதாவது, இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு ஒரு முறிவு. முள்ளியவளைப் பக்கத்திலே விடிய விடிய ஆடும் கோவலன் கூத்தைப் பதிவு செய்து வந்தால், எட்டு மணி நேரத்துக்கு நான்கு கோப்புகள் கிடக்கும். கோவலன் சிலம்போடு கடைத்தெருவிலே நிற்கும்போது ஒரு கோப்பு முடியவும் கூடும். கருவிக்குக் கதை தெரியாது. நல்ல கருவிகள் ஒரு கூறும் விடாமலேயே முறிக்கின்றன. ஆகையால், மென்பொருளிலே ஒன்றன் வாலோடு மற்றொன்றன் தலையை இடைவெளியின்றிப் பொருத்தினால் தாளம் தப்பாது. கையால் ஏனோதானோ என்று ஒட்டினாலோ, இருபதில் ஒரு விநாடி இடைவெளியும் சல்லாரியின் ஓட்டத்திலே கல்லாய் இடறும். பொருத்திய பிறகும் அந்த நான்கு மூலக் கோப்புகளையும் அழிக்காது வைத்திருத்தல் வேண்டும்.

இடர்களுள் கொடியது விடியற்காலையிலே வருவது. கூத்து முடியும் தறுவாயில் பற்றறி உயிர்விட்டுவிடுகிறது. பதிவை நிறுத்தும்போதுதான், ‘இக்கோப்பு இவ்வளவு நீளம்’ என்ற குறிப்பைக் கருவி கோப்பின் முகப்பிலே எழுதி முடிக்கும். மின்சாரம் திடீரென்று அற்றுப்போனால் அந்தக் குறிப்பு எழுதப்படாமலே நின்றுவிடும். மறுநாள் கணினியிலே பார்த்தால் கோப்பின் நீளம் பூச்சியம் என்று காட்டும், அல்லது கோப்பையே திறக்க முடியாதென்று மென்பொருள் மறுக்கும். பலர் இந்த இடத்திலே கைகழுவிவிடுகிறார்கள். அவசரப்படலாகாது. கோப்பு எத்தனை பைற் இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இடம் பிடித்திருந்தால் ஒலி உள்ளே இருக்கிறது, முகப்புத்தான் இல்லை. சில கருவிகளில், அட்டையை மீண்டும் இட்டதும் அவையே முகப்பைச் சரிசெய்துவிடும். இல்லையேல், ஓடாசிற்றியில் ‘வெற்றுத் தரவாக இறக்குமதி’ என்ற பொருள்படும் வழியொன்று இருக்கிறது. அங்கே மென்பொருளுக்கு நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும்: 24 பிட், இரண்டு வழி, விநாடிக்கு 48,000 என்று. சொன்னது சரியாயின், இறந்துவிட்டதென்று எண்ணிய பாட்டு எழுந்துவந்து பாடும். பிடித்த இடமும் பூச்சியம் என்று இருந்தாலோ, அந்த அட்டையிலே புதிதாக ஒன்றும் எழுதாமல் எடுத்துவைத்து, மீட்பு மென்பொருளைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். அங்கும் நம்பிக்கை முற்றாக அற்றுப்போவதில்லை.

நாம் சொல்லும் எண் தவறானால் என்ன ஆகும்? 48,000 என்பதற்குப் பதிலாக, இறுவட்டுக்குரிய 44,100 என்று சொல்லிவிட்டோமென்று வைத்துக்கொள்வோம். பாட்டு பாடும், ஆனால் மெதுவாக. ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடம் 18 விநாடிக்கு நீளும். சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும். அந்தக் கிழவியைத் தெரிந்தவர்கள், ‘இது ஆச்சியின் குரல் இல்லையே’ என்று முகம் சுளிப்பார்கள். தெரியாதவர்களோ, வன்னிப் பாட்டின் இயல்பே இந்த மந்த கதிதான் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடுவார்கள். இரண்டாவது ஆபத்தே பெரிது.

இஃது இன்று நேற்று எழுந்த சிக்கலன்று. எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்ததன் பின்னர், மெழுகு உருளைகளிலே பாட்டுக்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் இலங்கையிலும் செலிக்மன் தம்பதியர் 1908ஆம் ஆண்டளவில் வேடர்களின் பாட்டுக்களை இவ்வாறு உருளைகளிலே பதிவு செய்தார்கள். உருளை சுழலும் வேகம் கருவிக்குக் கருவி வேறுபடும். பதிவு செய்த வேகம் தெரியாவிட்டால் உண்மைச் சுருதியும் தெரியாது. 1900ஆம் ஆண்டில் பெர்லினில் நிறுவப்பெற்ற ஒலிப்பதிவுக் காப்பகத்தார் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். பாட்டுத் தொடங்குமுன், சுருதி தெரிந்த ஒரு சிறு ஊதுகுழலை ஊதிப் பதிவு செய்யும்படி தம் சேகரிப்பாளர்களுக்கு விதித்தார்கள். பின்னாளிலே கேட்பவர், அந்தக் குழலோசை உரிய சுருதிக்கு வரும்வரை வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். நூறாண்டுக்கு முந்திய இந்த உபாயத்தை நம் மாணவர்கள் இன்றும் கைக்கொள்ளலாம்; செலவு ஒன்றுமில்லை.

வன்னியின் பழைய கசெற்றுகளை எண்ணும்போது இதன் அருமை இன்னும் விளங்கும். போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை என்றிருந்த ஆண்டுகளிலே, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இவர்கள். அத்தகைய நாட்களிலே, உயிர்போகும் தறுவாயிலிருந்த பற்றறியைக் கொண்டு ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ பதிவு செய்திருந்தால், நாடா மெதுவாகவே ஓடியிருக்கும். விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டிய நாடா அதற்குக் குறைவாக ஓடியது. அதனை இன்று நல்ல கருவியிலே உரிய வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு விரைந்து, குரல் கீச்சிடும். மின்சாரமுள்ள ஊர்களிலே பதிவான நாடாக்களில், பின்னணியில் ஒரு மெல்லிய இரைச்சல் இருப்பதுண்டு; அது விநாடிக்கு 50 அதிர்வு கொண்ட மின்னோட்டத்தின் ஓசை. அந்த 50 இன்று 53 ஆகக் கேட்டால், நாடா எவ்வளவு பிழைபட்டது என்று கணக்கிட்டுத் திருத்திவிடலாம். மின்சாரமே இல்லாத ஊரின் நாடாவிலே அந்த இரைச்சல் ஏது? பின்பாட்டிலே ஆர்மோனியம் இருந்தால் அதன் கட்டைச் சுருதியைக் கொண்டு ஒருவாறு மட்டிடலாம். அதுவும் இல்லையேல், அந்தக் குரலை நேரிலே கேட்டவர் ஒருவர் அருகிலிருந்து, ‘இன்னும் கொஞ்சம் குறையுங்கோ... இப்ப சரி’ என்று சொல்லவேண்டியதுதான். அப்படிச் சொல்லத்தக்கவர்களும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.

கசெற்றுக்கு மட்டும் நாம் முன்னே வேண்டாமென்று தள்ளிய கம்பி வழிதான் உரியது, வேறு வழியில்லை. 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் காத்திருக்கவே வேண்டும். கருவியின் தலையைத் துடைத்து, அதன் சாய்வைச் சிறு திருகாணியால் சீர்செய்து, சல்லாரியின் ஓசை தெளியும்வரை காத்திருந்து தொடங்கினால், பின்னர் மென்பொருளிலே செய்யும் எந்தச் சிகிச்சையும் தரமுடியாத தெளிவு முதலிலேயே கிடைத்துவிடும். 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கத்தார், இத்தகைய மாற்றங்களுக்கு விநாடிக்கு 48,000 கூறுகளையேனும் 24 பிட் அளவில் எடுக்கவேண்டும், 96,000 ஆனால் நன்று என்று பரிந்துரைக்கிறார்கள். இடம் இரட்டிக்கும், வன்தட்டு மலிந்துவிட்ட இக்காலத்தில் அதைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை.

மென்பொருள் கையிலே வந்ததும் பலருக்கு ஓர் ஆசை பிறக்கிறது: இரைச்சலை நீக்கி, ஒலியைப் பெருக்கி, எதிரொலி சேர்த்துப் பாட்டை ‘அழகுபடுத்த’ வேண்டும் என்று. நமக்கு இதிலே உடன்பாடில்லை. குளக்கட்டுத் தவளையின் ஒலியும், தூரத்து நாயின் குரைப்பும், நடுவிலே ஒரு குழந்தை அழ அதைப் பாட்டி அதட்டுவதும் அந்தப் பாட்டின் பகையல்ல. எந்த இடத்தில், எந்தப் பொழுதில், யார் சூழப் பாடப்பட்டது என்பதற்குச் சாட்சிகள். இரைச்சல் நீக்கும் கருவிக்கோ இரைச்சல் எது, சல்லாரியின் கலகலப்பு எது என்ற பாகுபாடு முழுவதும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே சுரண்டிவிடும். வானொலிக்கோ விழாவுக்கோ ஒரு பிரதியை எப்படியும் அலங்கரித்துக்கொள்ளட்டும். மூலப் பிரதியிலே கை வைத்தலாகாது. அதுபோலவே, மூலத்தை எம்.பி.3 வடிவுக்கு மாற்றிவிட்டு வேவ் கோப்பை அழிப்பதும் கூடாது. விநாடிக்கு 128 கிலோபிட் என்ற வழக்கமான அளவிலே, நாம் மேலே சொன்ன பதிவு பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கியது மீண்டும் விரிவதில்லை. கைத்தொலைபேசி வழியாக ஊருக்கெல்லாம் அனுப்பப்படுவது அந்தச் சுருங்கிய நிழலே என்பதை அனுப்புவோரிற் சிலர் அறியார்.

பெயரிடுதலைப் பற்றி இரண்டு வார்த்தை. கருவி தரும் பெயர் வெறும் இலக்கமே. பத்து நாள் பதிவுக்குப் பின் எந்த இலக்கத்திலே யார் பாடினார் என்று பதிவு செய்தவருக்கே தெரியாது. கருவியின் நாட்காட்டியை நம்புவதும் பயனில்லை. பற்றறியைக் கழற்றி வைத்திருந்தால், அது தொழிற்சாலையில் பிறந்த நாளுக்கே திரும்பிப் போயிருக்கும். பதிவின் தொடக்கத்திலே, ‘இன்ன நாள், புளியங்குளம், இன்னார் பாடும் இன்ன பாட்டு’ என்று வாயாலேயே சொல்லிவைப்பது எல்லாவற்றிலும் உறுதியானது. கோப்பு எங்கே அலைந்தாலும் அந்தக் குறிப்பு அதனோடு கூடவே போகும்.

ஒரே பிரதியை நம்பியிருந்ததன் விலையை நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் இருந்தன. புளியங்குளம் 1997ஆம் ஆண்டிலே போர்முனையாயிற்று; சுற்றுப்புற ஊர்கள் பெயர்ந்தன. 2009ஆம் ஆண்டின் இறுதிப்போரிலோ வன்னி முழுவதுமே உடுத்த உடையோடு நடந்தது. திருமணப் படமும், கசெற்றும், பெட்டகத்து ஓலையும் வழியிலும் பதுங்குகுழியிலும் விடப்பட்டன. 1990 முதல் நின்றுபோயிருந்த யாழ்தேவி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை மீண்டும் ஓடியது, வீதியும் செப்பமாயிற்று. விட்டுவந்த நாடாக்கள் திரும்பவில்லை. ஆகவேதான் மூன்று பிரதி வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும், ஒன்றேனும் வேற்றூரிலே இருக்கவேண்டும் என்று உலகெங்கும் காப்பகத்தார் சொல்லும் விதி நமக்கு வெறும் ஏட்டுவிதியாகத் தோன்றுவதில்லை. வேற்றூர்ப் பிரதிக்கு இடம் தேடுவோர், 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழிவந்த நூலக நிறுவனத்தை நாடலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்முறையிலே தொகுத்த அவர்கள், ‘ஆவணகம்’ என்ற பெயரில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறார்கள்.

எல்லாப் பதிவும் ஊரறியக் கேட்கத்தக்கதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாட்டுப் பாட அமர்ந்த தாய் ஒருத்தி, நடுவிலே பாட்டை விட்டுவிட்டுத் தன் காணாமற்போன மகனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவது வன்னியிலே புதுமையன்று. அந்தப் பேச்சும் நினைவட்டையிலே ஏறியிருக்கும். அதனை அழிப்பதா, பூட்டி வைப்பதா, வெளியிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கே உண்டு. மென்பொருள் தெரிந்தவனுக்கு இல்லை. பிரதி எடுத்து முடிந்ததும், முதற் பிரதியை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிக் கேட்டுக்கொள்வது முறை. அவ்வாறு போட்டுக் காட்டும்போது, விடுபட்ட அடி ஒன்று நினைவுக்கு வந்து அவள் மறுபடியும் பாடத் தொடங்குவதும் உண்டு. கருவியிலே பற்றறி இருக்கிறதா, அட்டையிலே இடம் இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொண்டு போவது நல்லது.